இரவில் காரில் ஊருக்குக் கிளம்பலாமா?

உங்கள் கேள்வியை ஒருமுறை திரும்பச் சொல்லிப் பார்க்கிறேன். கார் வாங்கி ஐந்து மாதம் ஆகிறது. ஆறு ஏர்பேக், ஐந்து ஸ்டார். வெள்ளிக்கிழமை ஆபீஸ் முடித்துவிட்டு இரவு 9 மணிக்குத் தாம்பரத்தில் கிளம்பினால் விடியும்போது திருநெல்வேலி. கூட மனைவி, நான்கு வயது மகள், அம்மா. ராத்திரியில் வெயில் இல்லை, டிராபிக் இல்லை, குழந்தையும் தூங்கிவிடும். ஊரிலிருக்கும் அப்பா மட்டும் ‘பகல்ல வா’ என்று பிடிவாதம் பிடிக்கிறார். நெடுஞ்சாலையில் என்னென்ன கவனிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு முறை படித்த பிறகு எனக்குப் பட்டது, ‘இவ்வளவு நல்ல வண்டி இருக்கும்போது ராத்திரி கிளம்பினால் என்ன’ என்பதுதான் உள்ளே இருக்கும் கேள்வி. கிளம்ப வேண்டாம் என்பதுதான் என் பதில். அப்பா சொல்வது சரி. அவர் காரணம் சொல்லியிருக்க மாட்டார், நான் சொல்கிறேன்.

நான் மோட்டார் இன்சூரன்ஸ் சர்வேயர். இருபத்திரண்டு வருடமாக விழுப்புரத்துக்கும் மேலூருக்கும் நடுவில்தான் பெரும்பாலும் வேலை. விபத்தான வண்டியைப் போய்ப் பார்ப்பது, வண்டிக்காரர் சொல்லும் கதையும் வண்டியில் விழுந்திருக்கும் அடியும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது, எவ்வளவு செலவாகும் என்று எழுதிக்கொடுப்பது, இதுதான் தொழில். ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். என்னிடம் வருவதெல்லாம் மோதிய வண்டிகள். பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்த வண்டிக்கு யாரும் சர்வே வைப்பதில்லை. அதனால் என் கண்ணுக்கு ரோடு கொஞ்சம் அதிகப் பயங்கரமாகத் தெரியும். அந்தக் கழிவைப் போட்டுக்கொண்டே படியுங்கள். உடம்பில் பட்ட காயத்தைப் பற்றி டாக்டர்கள்தான் பேச வேண்டும், எனக்குத் தெரிந்தது தகரம்.

சில வருடங்களுக்கு முன், திருச்சி–மதுரை ரோட்டில் துவரங்குறிச்சிக்குக் கொஞ்சம் முன்னால், விபத்து நடந்த இடத்துக்கே போய்ப் பார்க்கும் ஒரு ஸ்பாட் சர்வே. விடிகாலை ஐந்தரைக்குப் போய்ச் சேர்ந்தேன். இடது ஓரம் நின்றிருந்த லாரியின் பின்பக்க வலது மூலையில் காரின் இடது முன்பக்கம் உள்ளே போயிருந்தது. ஓட்டியவருக்குக் கை முறிந்து உயிர் தப்பிவிட்டது. முன் இடது சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவர் பிழைக்கவில்லை. டேஷ்போர்டில் புளிப்பு மிட்டாய்க் கவர் பிரித்த நிலையில் இருந்தது. கதவுப் பையில் பாதி டீயோடு பிளாஸ்க், பக்கத்தில் வறுகடலைப் பொட்டலம். தூக்கத்தை விரட்ட என்னவெல்லாம் செய்வார்களோ அத்தனையும் அந்த வண்டியில் இருந்தது. பிறகு கிளெய்முக்காக ஃபாஸ்டேக் மெசேஜ்களைப் பார்த்தேன். பரனூர் டோல்கேட் பத்து மணி, விக்கிரவாண்டி பதினொன்றரை, சமயபுரம் இரண்டு மணிக்குக் கொஞ்சம் முன். எங்கேயும் சேர்ந்தாற்போல் பத்து நிமிடத்துக்கு மேல் நின்றதாகத் தெரியவில்லை. மோதியது மூன்றே கால். ஆஸ்பத்திரியில் அவர் சொன்ன வாக்கியத்தை நான் நூறு தடவைக்கு மேல் கேட்டிருக்கிறேன்: ‘சார், லாரி திடீர்னு முன்னாடி வந்துடுச்சு.’ லாரி பஞ்சராகி அங்கே ஒரு மணி நேரமாக நின்றிருந்தது.

அவர் பொய் சொல்லவில்லை. அவரைப் பொறுத்தவரை அது திடீரென்றுதான் வந்தது. தூக்கம் வருவதை நாம் கொட்டாவியாகவும் கண் எரிச்சலாகவும் நினைத்துக்கொள்கிறோம். ஆபத்தான தூக்கம் வேறு மாதிரி. கண் பாதி திறந்திருக்கும், கை ஸ்டியரிங்கில் இருக்கும், மூளை மட்டும் மூன்று நான்கு விநாடி அணைந்து மறுபடி எரியும். தூங்கினோம் என்றே தெரியாது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் நான்கு விநாடி என்றால் 110 மீட்டர். வண்டியின் மூக்கு இரண்டு டிகிரி விலகியிருந்தால் போதும், அந்த 110 மீட்டருக்குள் கிட்டத்தட்ட நான்கு மீட்டர் பக்கவாட்டில் போயிருப்பீர்கள். நம் நெடுஞ்சாலையில் ஒரு லேனின் அகலமே மூன்றரை மீட்டர்தான்.

இதில் ஆராய்ச்சி உறுதியாகச் சொல்வது ஒன்று உண்டு. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் கைவேகமும், ரத்தத்தில் 100 மில்லிக்கு 50 மில்லிகிராம் ஆல்கஹால் இருப்பவரின் நிலைக்கு இறங்கிவிடுகின்றன. குடித்துவிட்டு ஓட்டுவதற்கு நம் சட்டம் வைத்திருக்கும் எல்லை 30 மில்லிகிராம். நீங்கள் வெள்ளிக்கிழமை காலை 6 மணிக்கு எழுந்திருப்பீர்கள். 17 மணி நேரம் முடிவது இரவு 11 மணி. அதாவது திண்டிவனம் தாண்டி விழுப்புரத்தை நெருங்கும்போதே உங்கள் நிலை போதையில் ஓட்டுபவரின் நிலை. அதற்கப்புறம் இன்னும் 480 கிலோமீட்டர் இருக்கிறது. இதோடு, எவ்வளவு தூங்கியவராக இருந்தாலும் இரவு இரண்டிலிருந்து காலை ஆறு வரை உடம்பின் கடிகாரம் தானாகவே இறங்கும். உங்கள் கணக்குப்படி அந்த நேரத்தில் நீங்கள் திருச்சிக்கும் கோவில்பட்டிக்கும் நடுவில் இருப்பீர்கள்.

தூக்கத்தால் எத்தனை விபத்து நடக்கிறது என்று கேட்டால் கறாரான எண்ணிக்கையை யாரும் தர முடியாது. எஃப்ஐஆரில் ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி’ என்றுதான் வழக்கமாக எழுதுவார்கள். மத்திய அரசின் 2022ஆம் ஆண்டு அறிக்கையில் சாலைச் சாவுகளில் எழுபது சதவீதத்துக்கு மேல் அதிவேகத்தின் கணக்கில்தான் வருகிறது. அதற்குள் எத்தனை பேர் கண்ணயர்ந்தார்கள் என்று பிரிப்பது கஷ்டம். முன்பெல்லாம் நாங்கள் ரோட்டில் டயர் தேய்ந்த கருப்புத் தடம் இருக்கிறதா என்று பார்ப்போம். தடமே இல்லையென்றால் பிரேக்கே அடிக்கவில்லை, தூங்கியிருக்கிறார் என்று ஊகிப்போம். இப்போது வரும் புதுக் கார்கள் எல்லாவற்றிலும், பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் ஏபிஎஸ் இருப்பதால் முழு பிரேக் அடித்தாலும் தடம் சரியாக விழுவதில்லை. ஆகவே அந்த ஊகத்தையும் நான் இப்போது அவ்வளவு நம்புவதில்லை. மோதிய நேரத்தை மட்டும் நம்புகிறேன்.

தூக்கத்தைத் தள்ளிப்போட ஆளாளுக்கு வைத்தியம் சொல்வார்கள். ஜன்னலை இறக்குவது, பாட்டை அலறவிடுவது, முகம் கழுவுவது எல்லாம் சில நிமிடங்களுக்குத் தெம்பு தரும், அவ்வளவுதான். கடலை கொறிப்பதால் கெடுதல் இல்லை, பெரிய பலன் உண்டு என்றும் சொல்ல மாட்டேன். உண்மையில் வேலை செய்வது இரண்டுதான்: தூக்கம், காபி. காபி குடித்தால் ரத்தத்தில் ஏறி வேலை செய்ய இருபது முப்பது நிமிடம் ஆகும். அதனால் குடித்த கையோடு ஓட்டாமல், குடித்த கையோடு சீட்டைச் சாய்த்துக் கால் மணி நேரம் தூங்குங்கள். எழும்போது இரண்டும் சேர்ந்து கை கொடுக்கும். எழுந்ததும் ஐந்து நிமிடம் நடந்துவிட்டுத்தான் சாவியைத் தொட வேண்டும். இதுவும் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கான ஏற்பாடுதான், ராத்திரி முழுவதையும் இதை வைத்து ஓட்டிவிட முடியாது. கடைசியாகத் தாண்டிய டோல்கேட் ஞாபகத்தில் இல்லையென்றால் அடுத்த பெட்ரோல் பங்கில் நிறுத்திவிடுங்கள். அதைவிட நல்ல அறிகுறி எனக்குத் தெரியாது.

சரி, தூக்கமே வராத ஆள் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் இருட்டு இருக்கிறது. 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் காரில், ஆபத்தைப் பார்த்து, மூளைக்கு உறைத்து, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை விநாடி என்றால் அதற்குள் 33 மீட்டர் ஓடியிருக்கும். அப்புறம் நல்ல டயர், காய்ந்த ரோடு என்றாலும் நிற்க இன்னொரு 35 மீட்டர். ஆக 68 மீட்டர். டிம் லைட்டில் கருப்பு நிறப் பொருள் ஒன்று உங்கள் கண்ணுக்குத் தெரிவது ஐம்பது மீட்டர் தூரத்தில், அதுவும் கண்ணாடி சுத்தமாக இருந்தால். அதாவது 80இல் போகும்போதே நீங்கள் வெளிச்சத்தைத் தாண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள். 100இல் என்ன ஆகும் என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். 80இல் வந்தவர் நின்றுவிடும் அதே 68 மீட்டரில், 100இல் வந்தவரின் வண்டி இன்னும் 70 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். நான் இதைப் பயிற்சி வகுப்பில் சொன்னால் யாரும் நம்புவதில்லை. கால்குலேட்டரைக் கையில் கொடுத்தால்தான் நம்புகிறார்கள். கிளம்பும்போது இருபது கிலோமீட்டராக இருந்த வித்தியாசம், மோதும் இடத்தில் எழுபதாகிவிடுகிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

நின்றிருக்கும் லாரி எதனால் இவ்வளவு ஆளைக் கொல்கிறது என்றால், சிவப்பு விளக்கு எரிந்தாலும் அது ஓடுகிறதா நிற்கிறதா என்று இருட்டில் தூரத்திலிருந்து சொல்ல முடியாது. ஓடுகிறது என்றே மனம் எடுத்துக்கொள்ளும். அநேக லாரிகளில் அந்த விளக்கும் சேறு படிந்திருக்கும், ஒளிரும் ஸ்டிக்கர் உரிந்திருக்கும். இடது லேன் வேண்டாம் என்று வலது லேனுக்குப் போனால் அங்கே 40இல் ஊர்ந்துகொண்டிருக்கும் இன்னொரு லாரி. அது இல்லையென்றால் மீடியன். மீடியனில் அரளி அடர்த்தியாக வளர்ந்திருப்பது எதிர்வெளிச்சத்தை நன்றாகத் தடுக்கும், ஆனால் அந்த அரளிக்குள் நின்று ரோட்டைத் தாண்டக் காத்திருக்கும் ஆளையும் மறைத்துவிடும். எந்த லேன் பத்திரம் என்று கேட்பவர்களிடம் நான் லேனைச் சொல்வதில்லை, வேகத்தைத்தான் சொல்வேன். முன்னால் போகும் வண்டி ஒரு கைகாட்டியைத் தாண்டும்போது எண்ண ஆரம்பித்து, நீங்கள் அதே இடத்தைத் தாண்ட மூன்று விநாடியாவது ஆக வேண்டும். மழையில் இன்னும் இரண்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் ஐந்து ஸ்டாருக்கு வருகிறேன். நல்ல விஷயம்தான், நான் என் பெண்ணுக்குக் கார் பார்த்தபோதும் அதைப் பார்த்துத்தான் வாங்கினேன். ஆனால் அந்த ஸ்டார் எப்படிக் கிடைத்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும். கார்களை மோதவிட்டுப் பார்த்து ஸ்டார் கொடுக்கும் திட்டங்களில், 2023இல் வந்த பாரத் என்கேப் ஆகட்டும், அதற்கு முந்தைய குளோபல் என்கேப் ஆகட்டும், முன்பக்கச் சோதனையில் வண்டியை மணிக்கு 64 கிலோமீட்டரில் கொண்டுபோய் மோதுகிறார்கள். மோதும் தடுப்பு பம்பரின் உயரத்தில், நசுங்கிக் கொடுக்கும்படி அமைந்தது. உள்ளே இருக்கும் பொம்மைகள் சீட் பெல்ட் போட்டிருக்கும். 100 கிலோமீட்டரில் வண்டி சுமக்கும் ஆற்றல் 64இல் இருப்பதைப்போல் கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு. அதைவிட முக்கியம், லாரியின் பின்பக்கம் உங்கள் பம்பரின் உயரத்தில் இல்லை. பின்னால் இரும்புத் தடுப்பு இல்லாமலோ, துருப்பிடித்த பெயருக்கு ஒன்றோ இருந்தால் பானெட் அடியில் புகுந்துவிடும். நசுங்கி அடியை வாங்க வேண்டிய பாகம் எதிலும் படாமல் உள்ளே போய், லாரியின் இரும்பு நேராக முன் கண்ணாடியின் பக்கத்துத் தூணுக்கு வந்துவிடும். துவரங்குறிச்சியில் நான் பார்த்ததும் அதைத்தான். லேன் மாறினால் எச்சரிப்பது, தானாகப் பிரேக் அடிப்பது போன்ற வசதிகள் உங்கள் வண்டியில் இருந்தால், அந்த மேனுவலை ஒருமுறை படித்துப் பாருங்கள். வேகமாகப் போகும்போது நின்றிருக்கும் பொருளைக் கண்டுகொள்ளாமல் போகலாம் என்று கம்பெனிக்காரர்களே எழுதியிருப்பார்கள்.

வண்டிக்குள் இருப்பதில் எனக்குச் சந்தேகமே இல்லாத ஒரே பொருள் சீட் பெல்ட். முன் சீட்டில் இருப்பவர் சாகும் வாய்ப்பைப் பாதியளவுக்கும், பின் சீட்டில் கால்வாசிக்கும் குறைக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பின் சீட்டிலும் போடுவது நம் நாட்டில் சட்டப்படி கட்டாயம், போடாவிட்டால் 1000 ரூபாய் அபராதம். பலருக்கு இது 2022 செப்டம்பரில்தான் தெரியவந்தது. தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி பால்கர் அருகே பாலத்தில் மோதி இறந்தபோது பின் சீட்டில் பெல்ட் போடாமல் இருந்தார் என்று போலீஸ் சொன்ன பிறகு. அவர் வந்ததும் உயர்ந்த ரக வண்டிதான். ஏர்பேக் என்பது பெல்ட்டுக்குத் துணை, மாற்று இல்லை. பெல்ட் போடாத உடம்பு முன்னால் பாயும் அதே கணத்தில் ஏர்பேக் எதிரே வெடித்து வந்தால் அதுவே அடி. பெல்ட் அலாரத்தை ஏமாற்ற ஒரு சின்ன இரும்பு நாக்கு மாட்டிவைப்பார்கள், பார்த்திருப்பீர்கள். 2023இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அதை இணையக் கடைகளிலிருந்து எடுக்கச் சொல்லி உத்தரவு போட்டது. இன்னும் மாதத்துக்கு ஒன்றாவது நொறுங்கிய வண்டிக்குள் அது மாட்டியபடியே இருப்பதைப் பார்க்கிறேன். முன் கண்ணாடியில் சிலந்தி வலை மாதிரி வட்டமாக விரிசல் இருக்கும். கல் பட்டதா, தலை பட்டதா என்று எங்களுக்குப் பார்த்தவுடன் தெரியும். தலை என்றால் விரிசல் உள்ளிருந்து வெளியே புடைத்திருக்கும், நடுவில் முடி சிக்கியிருக்கும்.

அம்மா ‘மூச்சு முட்டுது’ என்று சொல்வார். பெரும்பாலும் கீழ்ப்பட்டை வயிற்றின் மேல் ஏறியிருப்பதுதான் காரணம். அதை இறக்கி இடுப்பு எலும்பில் படும்படி வையுங்கள், மேல்பட்டை கழுத்தில் உரசாமல் தோளின் நடுவில் வரட்டும், புடவை மடிப்பை இழுத்துவிட்டுக்கொண்டால் போதும். பின்னால் பெல்ட் போடாத ஆள் மோதலில் முன் சீட்டின் முதுகில் வந்து விழுவார், அங்கே இருப்பது நீங்களோ உங்கள் மனைவியோ. மகளை யாரும் மடியில் வைக்கக் கூடாது. 15 கிலோ குழந்தை, வெறும் 50 கிலோமீட்டர் வேகம், பத்தில் ஒரு விநாடியில் வண்டி நிற்கிறது என்றால் அந்தக் குழந்தையைப் பிடித்து நிறுத்த இருநூறு கிலோவுக்கு மேல் தூக்கும் பலம் கையில் வேண்டும். எந்தத் தாய்க்கும் அது கிடையாது. நான்கு வயதுக்கு ஏற்ற, தோளிலும் இடுப்பிலும் வாருள்ள குழந்தை சீட் ஒன்று வாங்கிப் பின் சீட்டில் ஐசோஃபிக்ஸ் கொக்கியில் மாட்டுங்கள். உங்கள் வண்டியில் அந்தக் கொக்கி இருக்கும், சீட் இடுக்கில் விரலை விட்டுப் பாருங்கள். முதல் இரண்டு பயணம் அழுவாள். அப்புறம் அதுதான் அவள் இடம்.

பின் கண்ணாடிக்குக் கீழே இருக்கும் பலகையில் எதையும் வைக்காதீர்கள். ஒரு வண்டியில் முன் கண்ணாடியை உடைத்துக்கொண்டு பானெட்டின் மேல் கிடந்தது எவர்சில்வர் தூக்கு. மூடி திறக்கவில்லை, உள்ளே புளியோதரை அப்படியே இருந்தது. அது பின்னாலிருந்து வந்த வழியில் யார் தலையும் இல்லாதது அவர்கள் அதிர்ஷ்டம்.

டயர் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், உங்களுடையது புதிது. நான்கு பேர், டிக்கி நிறையச் சாமான் என்றால் காற்று கொஞ்சம் கூடுதலாக வேண்டும். எவ்வளவு என்பது ஓட்டுநர் கதவைத் திறந்தால் ஓரத்தில் ஸ்டிக்கரில் இருக்கும். கிளம்பும் முன், டயர் சூடாகாமல் இருக்கும்போது பிடியுங்கள், ஸ்டெப்னிக்கும் சேர்த்து. டயர் வெடித்தது என்று வரும் கிளெய்ம்களில் நான் பார்த்தவரை காற்று குறைவாக ஓட்டி ஓரம் வெந்துபோனவை நிறைய. பழைய வண்டி வாங்குபவர்கள் டயரின் பக்கத்தில் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள்: 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. நைட்ரஜன் அடிப்பதால் விபத்து குறையும் என்பதை நான் நம்பவில்லை. சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் அதுதான். மஞ்சள் கண்ணாடி போட்டால் இரவில் எதிர்வெளிச்சம் தெரியாது என்று விற்கிறார்களே, அதை வாங்காதீர்கள். இருட்டில் கண்ணுக்கு வரும் கொஞ்ச வெளிச்சத்தையும் அது குறைத்துவிடும். கனமழையில் நான்கு இண்டிகேட்டரையும் போட்டுக்கொண்டு ஓடாதீர்கள், நீங்கள் நிற்கிறீர்களா போகிறீர்களா என்று பின்னால் வருபவருக்குக் குழப்பம், லேன் மாறுவதையும் காட்ட முடியாது.

இதுவரை காருக்குள் இருப்பவர்களைப் பற்றியே பேசிவிட்டேன். உண்மையில் நம் ரோட்டில் செத்துப்போகிறவர்களில் அதிகம் பேர் காரில் இருப்பவர்கள் இல்லை. 2022இல் இந்தியாவில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 44 சதவீதம் இரு சக்கர வண்டியில் போனவர்கள், ஏறக்குறைய 20 சதவீதம் நடந்து போனவர்கள். அந்த வருடம் விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு, 64,105. ராங் சைடில் லைட் இல்லாமல் வரும் பைக்கைத் திட்டுவது எளிது, நானும் திட்டுவேன். ஆனால் நான்கு வழிச்சாலை அந்த ஊரின் நடுவில் போய், அவர் வயலுக்குப் போக யூ-டர்ன் மூன்று கிலோமீட்டர் தள்ளி இருந்தால் அவர் அப்படித்தான் வருவார். மீடியன் திறப்பு, ஊர் பெயர்ப்பலகை, டீக்கடை வெளிச்சம் இந்த மூன்றில் எதைப் பார்த்தாலும் காலை ஆக்சிலரேட்டரிலிருந்து எடுத்துவிடுவது என் பழக்கம். தை மாதத்தில் போகிறீர்கள் என்றால் பழனிக்கும் திருச்செந்தூருக்கும் பாதயாத்திரை போகிறவர்கள் வெயிலுக்குப் பயந்து ராத்திரியில்தான் நடப்பார்கள். பச்சையும் காவியும் கட்டியிருப்பார்கள், பத்துப் பேரில் ஒருவர் கையில் டார்ச் இருந்தால் அதிகம்.

வழியில் வண்டி நின்றுவிட்டால் முடிந்தவரை இடது ஓரம் ஒதுக்கி, எல்லோரையும் இடப்பக்கமாக இறக்கி, இரும்புத் தடுப்புக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் நிறுத்துங்கள். சிவப்பு எச்சரிக்கை முக்கோணத்தைப் பின்னால் ஐம்பது மீட்டருக்குக் குறையாமல் வையுங்கள். டிக்கியைத் திறந்து வண்டிக்குப் பின்னால் நின்றுகொண்டு ஸ்டெப்னி எடுக்கும் காட்சியைப் பார்த்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். நெடுஞ்சாலை உதவிக்கு 1033, அடிபட்டவர் இருந்தால் 108. வேறொருவர் அடிபட்டுக் கிடந்தாலும் நின்று உதவுங்கள். 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு உதவி செய்கிறவரை வழக்கிலிருந்து காப்பாற்றுகிறது. பெயரைக்கூடச் சொல்லக் கட்டாயம் இல்லை. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரிலிருந்து ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு, பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரிகளில் பணம் கட்ட வேண்டியதில்லை. வண்டி தீப்பிடிக்கும் நிலையில் இல்லையென்றால் உள்ளே இருப்பவரைப் பிடித்து இழுக்காதீர்கள், தண்ணீர் கொடுக்காதீர்கள்.

சனிக்கிழமை காலையிலேயே ஊரில் இருந்தாக வேண்டும் என்றால் ரயில்தான். டிக்கெட் கிடைக்காது என்பீர்கள், தெரியும். ஆக்டிங் டிரைவர் போடலாம். ஆனால் அவரை ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு ஏற்றுங்கள்: ‘நேத்து ராத்திரி எங்கே ஓட்டினீங்க?’ வெள்ளிக்கிழமை பகல் முழுக்க ஒரு டியூட்டி, முந்தின ராத்திரி பெங்களூரு என்று பதில் வந்தால் உங்களுக்கும் அவருக்கும் வித்தியாசமே இல்லை. அவர் பக்கத்தில் உட்காருபவர் தூங்கக் கூடாது.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் வெள்ளிக்கிழமை சாமானைக் கட்டி டிக்கியில் வைத்துவிட்டு ஒன்பதரைக்குப் படுத்துவிடுவேன். சனிக்கிழமை காலை ஐந்துக்குக் கிளம்பினால் திண்டிவனம் வரும்போது நன்றாக விடிந்திருக்கும். விக்கிரவாண்டிப் பக்கம் காலைச் சாப்பாடு, திருச்சி தாண்டி ஒரு முக்கால் மணி நேர நிறுத்தம், மதியம் சாப்பிட்டபின் கண்டிப்பாக இருபது நிமிடம் தூக்கம். மதியம் இரண்டிலிருந்து நாலு வரை உடம்பு மறுபடி இறங்கும், அது ராத்திரி அளவுக்கு மோசம் இல்லை என்றாலும் விருதுநகர் வெயிலில் சோறு தின்றுவிட்டு ஓட்டுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. குழந்தை நடுவில் ஐந்து தடவை நிறுத்தச் சொல்வாள், நிறுத்துங்கள், உங்களுக்கும் நல்லது. அரை நாள் லீவு போய்விடும், மறுக்கவில்லை. அப்பாவிடம் ‘சாயங்காலம் நாலரை அஞ்சுக்கு வந்துடுவோம்’ என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவர் எப்படியும் மணிக்கொரு தடவை ‘எங்க வந்துட்டிருக்க’ என்று போன் பண்ணுவார். அந்த போன் உங்கள் மனைவி கையில் இருக்கட்டும்.